வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

1

ஜூன் பிறந்தால் நான் குடியிருக்கும் ஜெர்மனியின் பான் நகரத்தில் இரண்டு கூட்டம் சேரும். ஒன்று, தெருமுனையில் ஸ்ட்ராபெரி வாங்க நிற்கும் உள்ளூர்க் கூட்டம். மற்றொன்று, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு டிராமில் ஏறி, தவறான நிறுத்தத்தில் இறங்கும் உலக நாடுகளின் கூட்டம். ரைன் ஆற்றங்கரை அரங்கில் பருவநிலைப் பேச்சுவார்த்தை நடக்கும் காலம் அது. ஆண்டுக் கடைசியில் மந்திரிகள் கூடும் பெரிய மாநாட்டுக்கு இது முன்வேலை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் காய் நறுக்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காய் நறுக்கும் இடத்தில் எனக்கும் ஒரு வேலை உண்டு. சுவரில் பெரிய திரை இருக்கும், அதில் ஒப்பந்த வாசகம் தெரியும். எந்த நாடு எந்தச் சொல்லை மாற்றச் சொல்கிறதோ அதை எல்லார் கண்ணெதிரிலும் தட்டச்சு செய்பவள் நான். ஒரு சொல்லை யாராவது ஏற்கவில்லை என்றால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடைப்பை நீக்கலாம். ஆவடியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த நாளில், இந்த விரல்கள் பிற்காலத்தில் நிலக்கரி என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் வேலி கட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இந்த ஜூனில் ஒரு பிற்பகல். கடல் ஏறிவரும் தீவு நாடு ஒன்றின் பிரதிநிதியான பெண்மணி, பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு உதவி 'வழங்கப்படும்' என்று எழுத வேண்டும் என்றார். எதிரே இருந்த வசதியான நாட்டுக்காரர், உதவி 'ஊக்குவிக்கப்படும்' என்றால் போதும் என்றார். இதே மனிதர் காபி இடைவேளையில் அந்தப் பெண்மணியிடம், நீங்கள் கேட்பதுதான் நியாயம் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். மேஜைக்குத் திரும்பியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைநகரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். நான் இரண்டு சொற்களையும் அடைப்புக்குள் போட்டேன்.

அப்போது மேஜைக்கடியில் என் போன் அதிர்ந்தது. ஆவடியை அடுத்த கோவில்பதாகையிலிருந்து என் அக்கா விஜயா அனுப்பியிருந்தாள். "மீட்டிங் முடிஞ்சுது. ஏழுமலை மறுபடியும் வீட்ல கேட்டு சொல்றேன்னுட்டார்."

உலகத்தின் எதிர்காலத்தைப் பேசும் அறையில் சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

2

இங்கே கொஞ்சம் ஊர்க் கதை சொல்லியாக வேண்டும். நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். அப்பா டாங்க் தொழிற்சாலை வேலைக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர். எதிர்வீட்டில் தூத்துக்குடிக்காரர், பக்கத்து வீட்டில் பொள்ளாச்சிக்காரர், தமிழ்நாடே ஒரு குழாயடியில் வரிசை நிற்கும். ஆனால் ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நாங்கள் வளர்ந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அதனால் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் விழிப்போம்.

அக்கா மட்டும் விழிக்கவில்லை. அதே தொழிற்சாலையில் கிளார்க்காகச் சேர்ந்து, பி.எஃப். பணத்தைப் போட்டு, கோவில்பதாகையில் மூன்றாவது தெருவில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினாள். ஏரிக் காற்று வரும் என்று சொல்லி வாங்கினாள். ஏரியே வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தால் போதும், தண்ணீர் வாசல்படி ஏறி, ஹாலைத் தாண்டி, சமையலறையில் போய் நிற்கும். மாமா காலமான பிறகு அவள் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். வேலப்பன்சாவடியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கும் அவள் மகன், விற்றுவிட்டு வந்துவிடு என்று வருஷா வருஷம் நச்சரிப்பான். போன மழையில் சாமி படங்கள் மிதந்ததைப் பார்த்து அக்காவே வாக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த மழைக்கும் தண்ணீர் வந்தால் வீட்டை விற்றுவிடுவாள்.

அவளுக்கு விற்க இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் இஷ்டமில்லை. அப்பா, அம்மா போன பிறகு, ஊருக்குப் போகிறேன் என்று நான் சொன்னால் அது அந்த வீட்டைத்தான் குறிக்கும். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியும் அதுதான். அது போனால் விமானத்தில் இறங்கி நான் டாக்சிக்காரரிடம் சொல்ல ஓர் இடம் இல்லை.

தண்ணீரை வெளியேற்ற வழி இருக்கிறது. மேட்டில் இருக்கும் இரண்டாவது தெரு வழியாக ஆழமாக ஒரு மழைநீர் வடிகால் வெட்டினால் மெயின் ரோட்டுக் கால்வாயில் சேர்த்துவிடலாம். இரண்டு தெருவும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் இந்த மழைக்கு முன்பே வேலையை எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் வேறு இடத்துக்குப் போய்விடும் என்று மாநகராட்சிப் பொறியாளர் சொல்லிவிட்டார். பிரச்சினை அந்த 'சேர்ந்து' என்ற சொல்லில்தான். இரண்டாவது தெருவில் இருப்பவர்கள் பூர்வீகமாக அங்கேயே வாழ்கிறவர்கள். மூன்றாவது தெரு, அக்காவைப் போன்ற ஓய்வு பெற்ற தொழிற்சாலைக்காரர்கள். பள்ளத்தில் மனை வாங்கியது உங்கள் தப்பு, அதற்கு எங்கள் வாசலை ஏன் தோண்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டு உங்கள் தெருவை உயர்த்திக்கொண்டீர்கள், அதனால்தான் எங்களுக்குத் தண்ணீர் என்பது இவர்கள் வாதம். யாரால் வந்தது, யார் இடம் கொடுப்பது. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்யும் அதே சண்டை.

ஏழுமலை இரண்டாவது தெரு முனையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். குடியிருப்போர் சங்கத்தில் அந்தத் தெருவின் பிரதிநிதி. பிள்ளையார் கோவில் வாசலில் நடந்த கூட்டத்தில், நான் இருக்கும்வரை நம் தெருவில் கடப்பாரை இறங்காது என்று பேசித்தான் அந்தப் பதவிக்கு வந்தார். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு பேசப் போகுமுன் தொழிற்சாலை வாசலில் கேட் மீட்டிங் போடுவார்கள். ஓர் அடி பின்வாங்க மாட்டோம் என்று மைக்கில் முழங்குவார்கள். உள்ளே போய் அரை அடியாவது பின்வாங்கியாக வேண்டும். திரும்பி வரும்போது கேட்டில் நிற்பவர்களிடம் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தத் தலைவரும் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்ததில்லை.

3

வெளிநாட்டில் இதெல்லாம் இருக்காது என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். என் கீழ்வீட்டு ஹெல்முட் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். இளமையில் அணுசக்திக்கு எதிராகத் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்தவர், அதுவும் விடுமுறை எடுத்துக்கொண்டு. குப்பையை நான் தவறான தொட்டியில் போட்டால் எடுத்துச் சரியான தொட்டியில் போட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர், பழைய கேஸ் பாய்லர்களை மாற்றச் சொல்லும் சட்டம் பற்றிப் பேச்சு வந்ததும் ஆளே மாறிவிட்டார். உலகத்தைக் காப்பாற்றத் தயார், என் பாய்லர் வழியாக வேண்டாம் என்று மாடிப்படியில் நின்று அரை மணி நேரம் கத்தினார். அதுவரை ஓட்டுப் போட்ட கட்சிக்கு இனிமேல் போடுவதில்லை என்றும் அறிவித்தார். நாடு முழுக்க ஹெல்முட்டுகள் கத்தினார்கள். அந்தக் கோடையில் அரங்கில் ஜெர்மன்காரர்கள் பேசும்போது வழக்கமான வாத்தியார் குரல் சற்று இறங்கியிருந்ததாக எனக்குப் பட்டது. பேசுபவர் அவரே, கோட்டும் அதே கோட்டுதான். பின்னால் ஹெல்முட் நின்றார், அவ்வளவுதான்.

இன்னொரு பெரிய நாடு இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஒப்பந்தத்தை விட்டு வெளியே போகும், உள்ளே வரும். அறையைத் தயார் செய்யும்போது அதன் பெயர்ப்பலகையை வைப்பதா எடுப்பதா என்று மேலே கேட்டுக்கொண்டுதான் கை வைக்கிறோம்.

நம் இந்தியாவுக்கு வருவோம். நிலக்கரியை 'ஒழிப்பது' என்று இருந்ததைக் 'குறைப்பது' என்று கடைசி நிமிஷத்தில் மாற்ற வைத்த செய்தி வந்த ஆண்டில் என் மகள் மித்ரா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, நானே மாற்றியது போல. மித்ரா இங்கேயே பிறந்தவள், இப்போது பதினொன்றாம் வகுப்பு. தோசை சுட்டால் 'நம்ம ஊர்' என்பாள். இந்தியா கையெழுத்துப் போடாவிட்டால் 'உங்க ஊர்' என்பாள். அவளுக்கு நான் பதில் சொல்ல முயன்றேன். பெரியம்மா வீட்டு ஃபேன் அந்த நிலக்கரியில்தான் சுற்றுகிறது, மே மாதத்தில் அது ஒரு மணி நேரம் நின்றால் ஆவடியில் என்ன ஆகும் தெரியுமா, அந்தப் பிரதிநிதி ஊருக்குத் திரும்பி யாருக்குப் பதில் சொல்வது என்றேன். அவள், "பெரியம்மா வீட்டுக்குள்ள தண்ணியும் அதனாலதானே வருது" என்றாள். அவள் தமிழில் சொன்ன நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இந்த ஜூனில் அவள் பள்ளித் தோழிகளோடு அட்டை பிடித்துக்கொண்டு அரங்க வாசலில் நின்றாள். நான் உள்ளே போகும்போது என்னைப் பார்த்தும் கோஷத்தை நிறுத்தவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனாயே என்று நான் நீட்டினேன். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் தயிர்சாதம் என்று வாங்கிக்கொண்டாள். வெளியே மகள் கேட் மீட்டிங், உள்ளே அம்மா மினிட்ஸ். குடும்பத் தொழில் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் அம்மாள், இத்தனை வருஷம் ஆயிற்றே, ஏன் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை என்று கேட்பார். எடுத்தால் அந்தப் பாஸ்போர்ட் போய்விடும் என்று நான் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சாய்ந்த கையெழுத்தில் ஏதோ குறித்துக்கொள்வார். ஆவடியில் ஓட்டுப் போட நேரில் போயாக வேண்டும். ஆக, இங்கேயும் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, அங்கேயும் இல்லை. அதனால்தான் உலகத்தில் எல்லா நல்ல விஷயத்துக்கும் என்னால் உடனே தலையாட்ட முடிகிறது. இது என் நல்ல குணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

4

அக்காவின் சங்கத்தில் மினிட்ஸ் எழுதுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் என்ன கலவரம் நடந்தாலும், 'விரிவாக விவாதிக்கப்பட்டு ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். முடிவே எடுக்காத கூட்டத்துக்கும் அதே வரிதான். எனக்கு அது கேலிக்கூத்தாகத் தெரிந்தது.

ஜூன் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவும் மறுபடி கூடின. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று வீடியோவில் இணைத்தார்கள். அக்கா என்னை எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தாள். "நீதான் உலகத்துக்கே மினிட்ஸ் எழுதறே. எங்க தெருவுக்கு எழுதினா குறைஞ்சா போயிடுவே?" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. திரையைப் பகிர்ந்து, எங்கள் அரங்கத்து முறைப்படி எழுதத் தொடங்கினேன். 'மழைநீர் வடிகால் இரண்டாவது தெரு வழியாக [மூடிய நிலையில்] அமைக்கப்படும்.' யார் எதை எதிர்க்கிறாரோ அதை அடைப்புக்குள் போட்டுப் பக்கத்தில் பெயரையும் போட்டேன்.

எல்லாருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. தன் பெயர் திரையில் வந்ததும் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் வாசல் வேப்பமரத்துக்காக ஓர் அடைப்பு கேட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு அடைப்பு வந்துவிட்டதே, எனக்கு ஒன்றுதானா என்று இன்னொருவர் கேட்டார். ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு வாக்கியம் பூரான் மாதிரி நீண்டு கிடந்தது. நேர்மையான ஆவணம் என்ற திருப்தியோடு நான் அதை இரண்டு தெருக்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அரங்கில் அது வரைவு வாசகம். கோவில்பதாகையில் அது சுவரொட்டி ஆகிவிட்டது.

மறுநாள் ஏழுமலை என்னைக் கூப்பிட்டார். அதுவரை நான் அவரோடு தனியாகப் பேசியதில்லை. கோபமாகத்தான் தொடங்குவார் என்று நினைத்தேன். குரல் சோர்ந்து இருந்தது.

"இன்னாம்மா தங்கச்சி, எம் பேரப் போட்டுக் கட்டங் கட்டி உட்டுட்டே," என்றார். "உங்க அக்கா ஊட்ல தண்ணி பூந்தப்ப படகு புடிச்சாந்து எறக்குனவனே நாந்தான். எனுக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? கொஞ்ச நாள் போவட்டும், சத்தமில்லாம எறங்கி வந்துரலாம்னுதான் இருந்தேன். இப்ப அல்லாரும் அத்தப் படிச்சிகினு கீறானுங்க. எந் தம்பி சொல்றான், அண்ணன் கெத்தா நின்னுட்டாருன்னு. ஊட்டுக்காரி சொல்றா, வாக்கு குடுத்துட்டு மாறுனா கடைல எவன் சாமான் வாங்குவான்னு. இப்ப நா எப்டி எறங்கறது? நீயே சொல்லு."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். எனக்கு அரங்கில் கண்ணாடியைத் துடைத்த அந்த மனிதர்தான் ஞாபகம் வந்தார். அவரை எதிராளி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்கும் ஊரில் ஒரு தம்பி, ஒரு வீட்டுக்காரி, கடைக்கு வரும் ஆட்கள் இருப்பார்கள்.

5

அரங்கில் வாசகம் இப்படி அடைப்புகளால் நிரம்பிவிட்டால் கூட்டத் தலைவர் ஒரு வேலை செய்வார். அதை ஓரமாக வைத்துவிட்டு, பெயர் ஏதும் இல்லாமல் தானே ஒரு சுத்தமான வாசகத்தை எழுதிக்கொண்டு வருவார். அதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, உங்கள் ஊரில் போய் எதைச் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் போதும் என்று கேட்டிருப்பார். எதை ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்பதில்லை. அந்த வித்தியாசத்தைப் பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நான் குழுவில் போட்டதை நீக்கினேன். ஏழுமலையைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை. பதில் தயாராக இருந்தது, கேட்கத்தான் யாருமில்லை. வடிகாலுக்கு மேல் போடும் சிலாப், சாமான் வண்டி ஏறினாலும் தாங்க வேண்டும். தோண்டுவதை மூன்றாவது தெருவில் தொடங்க வேண்டும், இரண்டாவது தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஓடக் கூடாது. இதெல்லாம் பொறியாளர் ஒப்புக்கொள்ளக்கூடியதுதான். கடைசியாக ஒன்று சொன்னார்.

"மனுவ நாங்க எழுதணும். எங்க தெருவுக்கு வடிகால் வோணும்னு நாங்களே கேட்ட மாறி இருக்கணும். ஃபேக்டரிக்காரங்க கேட்டாங்க, நாங்க உட்டுக் குடுத்தோம்னு இருந்தா ஒரு பய கையெழுத்துப் போட மாட்டான்."

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் போனிலேயே எழுந்து நின்றுவிட்டது தெரிந்தது, நாற்காலி இழுபட்டது.

"எத்தனை மழையா நான் அலையறேன் தெரியுமா? கால் வீங்க எத்தனை ஆபீஸ் படி ஏறியிருக்கேன்? இப்ப அவங்க கேட்டு வாங்கினதா நான் கையெழுத்துப் போடணுமா?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வீடு அவளுடையது, அலைந்த கால் அவளுடையது. அந்த வாரம் முழுக்க அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது வடிகாலைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தீவுக்காரப் பெண்மணி என்ன செய்தார் என்று கேட்டாள்.

நடந்ததைச் சொன்னேன். கடைசி நாளில் 'வழங்கப்படும்' என்ற சொல் தங்கியது. அதற்குப் பதிலாக, கொடுப்பது கடமை என்றோ ஈடு என்றோ எங்கும் வராது. வசதியான நாட்டுக்காரர் தம் ஊரில் போய், எங்கள் மக்களின் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளலாம். மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையை நான் எடுக்கப் போனபோது அந்தப் பெண்மணி இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் பெருந்தன்மையை அவர் வைத்துக்கொள்ளட்டும், எங்களுக்குக் கடல் சுவர் வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பது யாருக்கும் தெரியாது. அதையும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அவளுக்குக் கோபம் வரலையா?" என்றாள் அக்கா.

"வந்துது. கண்ணு செவந்திருந்துது."

"ம்," என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் அக்கா ஏழுமலை கடைக்குப் போயிருக்கிறாள். அவளுக்குத் தேவையே இல்லாத ஒரு குழாயை விலை கேட்டு, பேரம் பேசி வாங்கியிருக்கிறாள். பையில் போட்டுக்கொண்டு, மனுவை உங்கள் தெருவிலேயே எழுதிவிடுங்கள், எங்கள் தெரு கீழே கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் குழாய்க்குக் காசு வாங்க மறுத்தாராம். இவள் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் தோற்ற தொனி இல்லை.

6

ஆடி முடிந்ததும் தோண்டத் தொடங்கினார்கள். பிள்ளையார் கோவில் வாசலில் பேனர் வைத்தார்கள். 'இரண்டாவது தெரு மக்களின் நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறியது' என்று எழுதி, கும்பிட்ட கையோடு ஏழுமலையின் படம். மூன்றாவது தெருவின் பெயர் எங்கும் இல்லை. அக்காவே அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். மித்ராவிடம் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது பொய் என்றாள். ஆமாம் என்றேன். பெரியம்மா ஏன் விட்டார்கள் என்றாள். நீயே கேள் என்றேன். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, தோழிகளோடு பேச அறைக்குள் போய்விட்டாள். இந்த வயதில் கேள்விகள் இப்படித்தான் பாதியில் நிற்கும் என்று நான் பழகிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து மழை பிடித்தது. வேப்பம்பட்டு, ஆவடி, பூந்தமல்லி என்று எல்லா இடத்திலும் கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மந்திரிகள் கூடும் மாநாடு நெருங்கிவிட்டது, திரையில் நான் தட்டிய சொற்களைப் பிறகு நானே திருத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். மித்ரா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அக்கா வாசலில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். சிலாப்புக்கு அடியில் தண்ணீர் இரைந்துகொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் நகர்ந்தது. முனையில் ஏழுமலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேருக்கு நடுவே நின்றிருந்தார். எங்க தெருக்காரங்க அன்னிக்கே யோசிச்சு மனு குடுத்தோம் என்று அவர் சொல்வது மழையையும் தாண்டிக் கேட்டது.

மித்ரா என் தோளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "பெரியம்மா, அவர் பொய் சொல்றார். உங்களுக்குக் கோபம் வரல?" என்றாள்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். "பேசட்டும்டா, நாளைக்கும் மழை இருக்கு" என்றாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஹாலில் தரை காய்ந்திருந்தது. சமையலறையில் ஏதோ மாறியிருந்தது, எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே சொன்னாள். மழைக்குப் பயந்து பல வருஷமாகச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்திருந்த பிரிட்ஜை, காலையில் ஆள் வைத்துக் கீழே இறக்கிவிட்டாளாம்.

போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு பிரிட்ஜின் மேல்கதவைத் திறந்தாள். என் அக்கா குள்ளம்.

"இப்பதான்டி," என்றாள், "ஃப்ரீசர் எனக்குக் கை எட்டுது."